மேக்ரோ தவறாக ஓடும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டறிதல்

ஒரே திருத்தத்தை நூற்றுக்கணக்கான வரிகளில் செய்ய வேண்டியிருக்கும்போது, அதை ஒரு வரியில் செய்து காட்டி, அந்த விசைத் தட்டல்களை எடிட்டரிடமே பதிந்துகொள்ளச் சொல்லி, மற்ற வரிகளில் அதையே திரும்ப ஓட்டுவதுதான் மேக்ரோ. பதிவதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் ஓட்டி முடித்த பிறகு கோப்பு குலைந்து கிடந்தால், எந்தத் தட்டல் எந்த வரியில் பிசகியது என்று தேடுவதிலேயே ஒரு பொழுது கழிந்துவிடும். அப்படிக் கழிந்த பொழுதுகள் எனக்குப் பல உண்டு. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட அறிகுறிகளையும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இருக்கும் காரணத்தையும் இங்கே எழுதுகிறேன். விம், ஈமேக்ஸ், நோட்பேட்++ ஆகிய மூன்று உரை எடிட்டர்களையும் மனத்தில் வைத்தே எழுதினாலும், காரணங்கள் எல்லா எடிட்டர்களுக்கும் பொதுவானவை.

விளக்கத்துக்காக ஒரு சிறிய சொற்பட்டியலை எடுத்துக்கொள்வோம்.

ஆழி = கடல்
பரிதி = சூரியன்
கார் காலம் = மழைக்காலம்
புரவி=குதிரை

இதன் ஒவ்வொரு வரியும் கீழ்க்கண்ட வடிவத்துக்கு மாற வேண்டும்.

"ஆழி": "கடல்",

விம்மில் இதற்கு நான் முதலில் பதிந்த மேக்ரோ இப்படி இருந்தது: பூஜ்யத்தை அழுத்தி வரியின் தொடக்கத்துக்குச் செல்வது, அங்கே மேற்கோள் குறி இட்டு எஸ்கேப் அழுத்துவது, எஃப் விசையால் சமக்குறியைத் தேடுவது, அதிலிருந்து ஓர் எழுத்து பின்னால் வருவது, அங்கிருந்து மூன்று எழுத்துகளை (இடைவெளி, சமக்குறி, இடைவெளி) நீக்கி அந்த இடத்தில் மேற்கோள், முக்காற்புள்ளி, இடைவெளி, மேற்கோள் ஆகியவற்றை இடுவது, வரியின் இறுதியில் மேற்கோளும் காற்புள்ளியும் சேர்ப்பது, ஜே விசையால் அடுத்த வரிக்கு இறங்குவது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. மேலே உள்ள நான்கு வரிகளில் கடைசி வரியை அது கெடுத்துவிடும். ஏன் என்பது கீழே வரும்.

முதலில் பதிவானதைப் படியுங்கள்

அறிகுறி எதுவானாலும் முதல் வேலை, மேக்ரோவில் உண்மையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது. நினைவிலிருந்து யோசித்துப் பயனில்லை. பதியும்போது தவறி அழுத்திய ஒரு விசையும், அதைச் சரிசெய்ய அழுத்திய பின்னழிப்பு (பேக்ஸ்பேஸ்) விசையும், "இதெல்லாம் கணக்கில் இல்லை" என்று நாம் மறந்துவிட்டாலும் எடிட்டரின் கணக்கில் அப்படியே இருக்கும்.

விம்மில் மேக்ரோ என்பது ஒரு ரிஜிஸ்டரில் (உரையை வைத்துக்கொள்ள விம் தரும், ஓர் எழுத்தைப் பெயராகக் கொண்ட இடத்தில்) கிடக்கும் எழுத்துத் தொடர். அதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. 'ரெஜ்' கட்டளையோடு ரிஜிஸ்டரின் பெயரைக் கொடுத்தால் உள்ளடக்கத்தைக் காட்டும். எஸ்கேப் விசை அங்கே ^[ என்று தெரியும். அந்த உள்ளடக்கத்தைக் காலியான வரி ஒன்றில் ஒட்டி, சாதாரண உரையைப் போலத் திருத்தி, மீண்டும் அதே ரிஜிஸ்டருக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: முழு வரியாக நகலெடுத்தால் வரி முடிவும் சேர்ந்தே போகும். ஓட்டும்போது அது என்டர் விசையாகச் செயல்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக ஒரு வரி இறங்கிவிடும். திருத்திய மேக்ரோ ஒன்று விட்டு ஒரு வரியில் மட்டும் வேலை செய்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வரியின் தொடக்கத்திலிருந்து கடைசி எழுத்து வரை மட்டும் நகலெடுத்தால் சரியாகிவிடும்.

கடைசியில் ஒரு விசை மட்டும் விட்டுப்போயிருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஏ என்ற ரிஜிஸ்டரில் பதிந்திருந்தால், பதிவைத் தொடங்கும் கியூ விசைக்குப் பிறகு அதே எழுத்தைப் பெரிய எழுத்தாக அழுத்திப் பதிவைத் தொடங்கலாம். பழைய பதிவு அழியாமல் அதன் வாலில் புதியது சேரும்.

ஈமேக்ஸில் எஃப்3 பதிவைத் தொடங்கும், எஃப்4 முடிக்கும், முடித்தபின் எஃப்4 அதையே ஓட்டும். பதிந்ததைத் திருத்த கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-இ ஆகியவற்றை வரிசையாக அழுத்தினால் தனிச் சாளரம் ஒன்றில் விசைகள் பெயர்களோடு வரிசையாக வரும். திருத்திவிட்டு கண்ட்ரோல்-சி-யை இருமுறை அழுத்தி வெளியேறலாம். ஈமேக்ஸ் என்ற பெயரே 'எடிட்டிங் மேக்ரோஸ்' என்பதிலிருந்து பிறந்தது. 1976இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டெக்கோ என்ற எடிட்டருக்கான மேக்ரோக்களின் தொகுப்பாகத்தான் அது தொடங்கியது. மேக்ரோவைத் திறந்து படித்துத் திருத்துவதற்கு அதில் இவ்வளவு வசதி இருப்பதைக் காணும்போதெல்லாம் அந்தப் பிறப்பு எனக்கு நினைவுக்கு வரும்.

நோட்பேட்++ இல் மேக்ரோவுக்குப் பெயரிட்டுச் சேமித்த பிறகு அது 'ஷார்ட்கட்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்படும். அதில் செயல்கள் பெரும்பாலும் எண்களாக இருப்பதால் படிக்கச் சற்றுச் சிரமம். ஆனாலும் தட்டெழுதிய எழுத்துகள் அப்படியே தெரியும். எத்தனை படிகள், எங்கே தேவையற்ற எழுத்து நுழைந்தது என்ற அளவுக்கு அது போதும்.

அறிகுறி: முதல் வரியில் சரியாக வருகிறது, இரண்டாம் வரியிலிருந்து தடம் புரள்கிறது

மேக்ரோக் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் கணிப்பு. பதியும்போது கர்சர் எங்கே நின்றதோ அதே போன்ற இடத்தில் அடுத்த சுற்றிலும் நின்றால்தான் மேக்ரோ சரியாக ஓடும். முதல் வரியில் வேலை முடிந்தபோது கர்சர் வரியின் இறுதியில் இருக்கிறது. அங்கிருந்து கீழே இறங்கினால் அடுத்த வரியிலும் இறுதிக்கு அருகில்தான் வந்து நிற்கும். பதியத் தொடங்கும்போது கர்சர் தற்செயலாகவே வரியின் தொடக்கத்தில் இருந்ததால், தொடக்கத்துக்குச் செல்லும் விசையை அழுத்த நமக்குத் தோன்றியிருக்காது.

தீர்வு மிக எளிது: பதிவின் முதல் தட்டலாக, கர்சர் ஏற்கெனவே தொடக்கத்தில் இருந்தாலும், வரியின் தொடக்கத்துக்குச் செல்லும் விசையை அழுத்துங்கள். விம்மில் பூஜ்யம், ஈமேக்ஸில் கண்ட்ரோல்-ஏ, நோட்பேட்++ இல் ஹோம் விசை. கடைசித் தட்டலாக அடுத்த வரிக்கு இறங்குங்கள். அதாவது மேக்ரோ முடியும் இடம், அடுத்த சுற்று தொடங்கும் இடமாக இருக்க வேண்டும்.

ஹோம் விசையிலும் ஒரு நுட்பம் உண்டு. பல எடிட்டர்களில் அது முதலில் வரியின் முதல் எழுத்துக்குச் செல்லும், இன்னொரு முறை அழுத்தினால்தான் முன்னிடைவெளியையும் தாண்டி உண்மையான தொடக்கத்துக்குச் செல்லும். சில வரிகள் உள்தள்ளியும் சில வரிகள் உள்தள்ளாமலும் இருந்தால், ஒரே ஹோம் வெவ்வேறு இடங்களில் கர்சரை நிறுத்தும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம், வரி மடிப்பு. நீண்ட வரி திரையில் இரண்டு மூன்று வரிகளாக மடிந்து காட்டப்படும்போது, கீழ் அம்புக்குறி அடுத்த உண்மை வரிக்குப் போகாமல் அதே வரியின் மடிந்த அடுத்த பகுதிக்குப் போகக்கூடும். நோட்பேட்++ இல் வரி மடிப்பு இயங்கும்போது இப்படித்தான் நடக்கும். ஈமேக்ஸிலும் இயல்பான அமைப்பு திரையில் தெரியும் வரிக் கணக்கிலேயே இறங்குவதுதான். சாளரத்தின் அகலத்தை மாற்றினால் மேக்ரோவின் விளைவும் மாறுகிறது என்ற விசித்திரமான புகாருக்கு விடை இங்கே இருக்கிறது. மேக்ரோவை ஓட்டும் முன் வரி மடிப்பை நிறுத்திவிடுங்கள். ஈமேக்ஸில் 'லைன்-மூவ்-விசுவல்' என்ற அமைப்பை அணைத்தாலும் போதும். விம்மின் ஜே விசை உண்மை வரிகளையே எண்ணுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

தகவல் ஒரு வரியில் அடங்காமல் மூன்று நான்கு வரிகளாகப் பரந்திருந்தால், "நான்கு வரி கீழே இறங்கு" என்று பதியும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒருமுறை நானும் அப்படித்தான் பதிந்தேன். ஏறத்தாழ நாற்பதாவது தொகுதியில் யாரோ ஒரு வெற்று வரியைக் கூடுதலாக விட்டிருந்தார்கள். அதற்குப் பிந்தைய எல்லாத் தொகுதிகளிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் முகவரியும், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் மாறி மாறி உட்கார்ந்தன. முதல் திரையில் எல்லாம் சரியாக இருந்ததால் நெடுநேரம் எனக்குத் தெரியவே இல்லை. இப்போது எண்ணி இறங்குவதே இல்லை. அடுத்த தொகுதியின் முதல் வரியில் மட்டும் வரக்கூடிய ஒரு சொல்லையோ குறியையோ தேடியே நகர்கிறேன்.

அறிகுறி: சில வரிகளில் மட்டும் எழுத்துகள் காணாமல் போகின்றன

இனி நம் நான்காவது வரிக்கு வருவோம். "புரவி=குதிரை" என்பதில் சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி இல்லை. மேக்ரோவோ சமக்குறியிலிருந்து ஓர் எழுத்து பின்னால் போய் மூன்று எழுத்துகளை நீக்கும்படி பதிவாகியிருக்கிறது. ஆகவே சமக்குறியோடு அதன் முன்னும் பின்னும் ஒட்டி நின்ற எழுத்துகளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. எண்ணி நகர்வதும் எண்ணி நீக்குவதும் எல்லா வரிகளும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் மட்டுமே பாதுகாப்பானவை.

இதற்கு மேக்ரோவைச் சிக்கலாக்குவதைவிட, ஓட்டுவதற்கு முன்பே கோப்பை ஒழுங்குபடுத்துவது நல்லது. "சமக்குறிக்கு இருபுறமும் எத்தனை இடைவெளி இருந்தாலும், ஏதும் இல்லாவிட்டாலும், ஒரே ஒரு இடைவெளியாக மாற்று" என்று தேடி மாற்றும் கட்டளையை ஒருமுறை கொடுத்துவிட்டால் நான்கு வரிகளும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். அதன்பின் முதலில் பதிந்த மேக்ரோவே பிழையில்லாமல் ஓடும்.

சொல் கணக்கில் நகர்ந்திருந்தால் "கார் காலம்" காட்டிக்கொடுக்கும். "ஒரு சொல் முன்னே போ" என்று பதிந்த மேக்ரோ "ஆழி", "பரிதி" இரண்டையும் சரியாகத் தாண்டிவிட்டு, "கார்" என்பதோடு நின்று "காலம்" என்பதைச் சமக்குறி என்று எண்ணிக்கொள்ளும். பிரிப்பானாக எது இருக்கிறதோ அந்தக் குறியைத் தேடிப் போவதே நம்பகமானது.

தமிழ் உரையில் வேலை செய்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கி" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் "க" என்ற உயிர்மெய்க்கு உரிய குறியீடும் இகரக் குறியுமாக இரண்டு. அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் சில எடிட்டர்கள் முழு எழுத்தையும் தாண்டும், சில எடிட்டர்கள் குறியீட்டுக் கணக்கில் நகரும். பின்னழிப்பு விசை பல இடங்களில் உயிர்க்குறியை மட்டும் நீக்கும், முன்னழிப்பு (டிலீட்) விசை எழுத்தையே நீக்கும். ஆகவே ஓர் எடிட்டரில் பதிந்து பழகிய "ஐந்து முறை வலப்புறம்" என்ற பழக்கத்தை இன்னோர் எடிட்டருக்கு எடுத்துச் சென்றால் எழுத்துகள் உடைந்து, தனித்து நிற்கும் கொம்பும் காலுமாக வரிகள் சிதறும்.

அறிகுறி: கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடல் கண்டுகொள்வதில்லை

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இது. "கொ" என்ற எழுத்தை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு அவை வெவ்வேறு. பல பேர் தட்டெழுதிய கோப்பில், அல்லது பழைய எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து மாற்றப்பட்ட கோப்பில், இரண்டு வகையும் கலந்திருப்பது வியப்பில்லை. மேக்ரோ "கொடி" என்ற சொல்லைத் தேடிச் சில வரிகளில் வெற்றி பெற்று, சில வரிகளில் நின்றால், நின்ற வரியில் உள்ள எழுத்தின் மேல் கர்சரை வைத்து அதன் குறியீட்டைப் பாருங்கள். விம்மில் ஜி, 8 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் அந்த எழுத்தின் பைட்டுகளைக் காட்டும். வேறுபாடு உறுதியானால் இரு குறிகளையும் ஒற்றைக் குறியாக மாற்றிய பிறகே மேக்ரோவை ஓட்டுங்கள்.

அறிகுறி: நடுவழியில் நின்றுவிடுகிறது

ஐம்பது முறை ஓட்டச் சொன்னோம், பதினெட்டாவது வரியில் நின்றுவிட்டது. இது பிழை என்று பலர் எண்ணுகிறார்கள். விம்மிலும் ஈமேக்ஸிலும் இது காவல். தேடிய குறி கிடைக்காவிட்டாலோ, கடைசி வரிக்குக் கீழே இறங்க முயன்றாலோ, அந்தக் கணமே மேக்ரோ கைவிடப்படும், மீதமுள்ள சுற்றுகளும் சேர்ந்து ரத்தாகும். இந்தக் காவல் இருப்பதால்தான் விம்மில் வரிகளை எண்ணாமலேயே 1000 முறை என்று கொடுத்துவிட முடிகிறது. ஈமேக்ஸில் மெட்டா-0 (பெரும்பாலும் ஆல்ட் விசையோடு 0) கொடுத்து எஃப்4 அழுத்தினால் தோல்வி வரும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.

நின்ற வரியை உற்றுப் பாருங்கள்; காரணம் அங்கேயே எழுதியிருக்கும். நம் எடுத்துக்காட்டில் பதினெட்டாவது வரி வெற்று வரி என்றால், அதில் ஒரே ஒரு மேற்கோள் குறி மட்டும் தனியே நிற்கும். மேக்ரோ முதலில் மேற்கோளை இட்டுவிட்டு, அதன்பின் சமக்குறியைத் தேடித் தோற்றிருக்கிறது என்று பொருள். அந்த வரியை அப்படியே விட்டு அங்கிருந்து மீண்டும் ஓட்டினால் இன்னொரு மேற்கோள் சேரும்.

இங்கே எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்: தோற்கக்கூடிய தேடலை எந்த மாற்றமும் செய்வதற்கு முன்னால் வையுங்கள். அதாவது வரியின் தொடக்கத்துக்குச் சென்றதும் முதலில் சமக்குறியைத் தேடுங்கள். கிடைத்தால் மட்டுமே மேற்கோள் இடும் படி வரும். சமக்குறி இல்லாத வரி தொடப்படாமல் தப்பிவிடும். பதிவில் ஒன்றிரண்டு தட்டல்கள் கூடும், அவ்வளவுதான். பாதி திருத்தப்பட்ட வரி என்ற தொல்லையே அதன்பின் இருக்காது.

சமக்குறி இல்லாத வரிகளைத் தாண்டிக்கொண்டு மற்ற எல்லா வரிகளிலும் ஓட வேண்டுமென்றால், விம்மில் வரிகளைத் தேர்ந்தெடுத்து 'நார்மல்' கட்டளையின் வழியாக மேக்ரோவை அழையுங்கள். அப்போது ஒவ்வொரு வரியும் தனித்தனிச் சுற்றாகக் கணக்கிடப்படும். ஒன்றில் தோற்றாலும் அடுத்தது தொடரும். ஆனால் மேக்ரோ வரிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால், 'நார்மல்' வரி எண்களை நம்பியே போவதால் இடம் பிசகும். அத்தகைய வேலைக்கு 'குளோபல்' கட்டளை பொருத்தமானது. பொருந்தும் வரிகளை அது முதலிலேயே குறித்துவைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஈமேக்ஸில் பகுதியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-கே, ஆர் என்று அழுத்தினால் அப்பகுதியின் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் மேக்ரோ ஓடும்.

தேடல் தோற்றாலும் நிற்காமல் அடுத்த படிக்குச் செல்லும் எடிட்டர்களும் உண்டு. நின்றுவிடுவதைவிட அது ஆபத்தானது; கர்சர் இருந்த இடத்திலேயே மீதிப் படிகள் நடந்து, சம்பந்தமில்லாத வரிகள் கெடும். அத்தகைய எடிட்டரில், தேடப்படும் குறி இல்லாத வரிகளை முன்கூட்டியே தனியே பிரித்துவிடுவது ஒன்றே வழி.

அறிகுறி: நிற்கவே இல்லை

கோப்பின் முடிவை எட்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்து, முதல் வரிகளில் மேற்கோளுக்கு மேல் மேற்கோளாகச் சேர்ந்துகொண்டே போனால், தேடல் கோப்பின் இறுதியிலிருந்து மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றி வருகிறது. விம்மில் இயல்பான அமைப்பே அப்படித்தான். 'ராப்ஸ்கேன்' அமைப்பை அணைத்துவிட்டால் இறுதியில் தேடல் தோற்று மேக்ரோ நிற்கும். உடனே நிறுத்த விம்மில் கண்ட்ரோல்-சி, ஈமேக்ஸில் கண்ட்ரோல்-ஜி.

தன்னைத் தானே அழைக்கும் மேக்ரோவை விம்மில் பதியும்போது வேறொரு குழப்பம் வரும்: பதிவின் இறுதியில், மேக்ரோவை ஓட்டும் @ குறியையும் அதே ரிஜிஸ்டரின் பெயரையும் அழுத்தியவுடன் அதில் முன்பு இருந்த பழைய மேக்ரோ ஓடத் தொடங்கிவிடும். பதிவைத் தொடங்கும் முன் அந்த ரிஜிஸ்டரைக் காலி செய்யுங்கள். கியூ, ஏ, கியூ என்று மூன்று தட்டல்கள் போதும்.

அறிகுறி: பதியும்போது வந்தது ஒன்று, ஓட்டும்போது வருவது வேறு

மேற்கோள் குறியை ஒருமுறை அழுத்தினால் மூடும் மேற்கோளையும் தானே சேர்க்கும் வசதி பல எடிட்டர்களில் இருக்கிறது. பதியும்போது அது வேலை செய்து, ஓட்டும்போது வேலை செய்யாமல் இருக்கலாம். அல்லது நேர்மாறாக நடக்கலாம். சொல் நிரப்பும் பட்டியல் இன்னும் மோசம். பதியும்போது பட்டியல் தோன்றி, என்டரை அழுத்தி ஒரு சொல்லைத் தேர்ந்திருப்பீர்கள். ஓட்டும்போது பட்டியல் தோன்றாததால் அதே என்டர் வரியை இரண்டாக உடைக்கும். தானியங்கி உள்தள்ளலும் இதே வகையைச் சேர்ந்தது. மேக்ரோ பதியும் நேரத்துக்கு மட்டுமாவது இந்த மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

கிளிப்போர்டில் இருப்பதை ஒட்டும்படி பதிந்திருந்தால், பதிவானது "ஒட்டு" என்ற செயல் மட்டுமே. ஓட்டும் நேரத்தில் கிளிப்போர்டில் எது இருக்கிறதோ அதுதான் வரும். மேக்ரோவின் நடுவில் ஏதாவது நீக்கப்பட்டால், விம்மில் அந்த நீக்கப்பட்ட துண்டே அடுத்த ஒட்டலில் வந்து நிற்கும். நிலையாக வேண்டிய உரையைப் பெயரிட்ட ரிஜிஸ்டர் ஒன்றில் வைத்து அங்கிருந்து ஒட்டுங்கள்.

சுட்டியின் சொடுக்கையும் நம்ப வேண்டாம். நோட்பேட்++ மேக்ரோவில் அது பதிவாகாது. இடம் மாறுவது எல்லாம் விசைகளாலேயே நடக்க வேண்டும். சப்லைம் டெக்ஸ்ட் எடிட்டரில் தேடல் பலகையில் செய்வதும் மேக்ரோவில் சேராது.

ஒருவர் கணினியில் சரியாக ஓடும் விம் மேக்ரோ இன்னொருவர் கணினியில் தவறினால், இருவரின் விசை மாற்ற அமைப்புகளும் ஒன்றல்ல என்று பொருள். பதிந்த தட்டல்கள் நாமே அழுத்தியது போலவே கருதப்பட்டு, அந்தக் கணினியின் அமைப்புகளுக்கு ஏற்பப் பொருள் கொள்ளப்படுகின்றன. 'நார்மல்' கட்டளையோடு ஆச்சரியக்குறி சேர்த்து, மேக்ரோவின் தட்டல்களை அதற்குள் நேரடியாக எழுதினால் விசை மாற்றங்கள் புறக்கணிக்கப்படும்.

அறிகுறி: தமிழ் விசைப்பலகை இயங்கும்போது எதுவும் நடப்பதில்லை

தமிழ்99 போன்ற விசைப்பலகையில் தட்டெழுதிக்கொண்டிருந்து, எஸ்கேப் அழுத்திவிட்டு கியூவை அழுத்தினால், எடிட்டருக்குப் போய்ச் சேருவது கியூ அல்ல, அந்த விசையில் இருக்கும் தமிழ் எழுத்து. விம் அதைக் கட்டளையாக அறியாது. பதிவு தொடங்கியதாக நாம் எண்ணிக்கொண்டிருப்போம். திரையின் அடியில் பதிவு நடக்கும் அறிவிப்பு இருக்காது. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டே அடுத்த விசையை அழுத்தும் பழக்கம் வேண்டும்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. சில தட்டச்சு மென்பொருள்கள், முதலில் ஓர் எழுத்தை அனுப்பி, அடுத்த விசையைக் கண்டதும் அதை அழித்துவிட்டு, கூடிய எழுத்தை அனுப்பும். அந்த அழித்தலும் மேக்ரோவில் பதிவாகும். ஓட்டும்போது பெரும்பாலும் சரியாகவே வந்தாலும், சில நேரம் ஓர் எழுத்து குறையும், அல்லது கூடும். இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, சேர்க்க வேண்டிய தமிழ்ச் சொல்லை முன்கூட்டியே ஒரு ரிஜிஸ்டரில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஆங்கில விசைப்பலகையிலேயே முழு மேக்ரோவையும் பதிவது. சொல்லைத் தட்டெழுதும் இடத்தில் அந்த ரிஜிஸ்டரை ஒட்டினால் போதும்.

அறிகுறி: வரிசை எண் 7க்குப் பிறகு 10 என்று வருகிறது

விம்மில் கண்ட்ரோல்-ஏ கர்சருக்கு அடியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டும். 001, 002 என்று தொடங்கிய வரிசை 007க்குப் பின் 010 ஆகிவிட்டால், முன்னால் பூஜ்யம் உள்ள எண்ணை எடிட்டர் எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டும் கொண்டதாக) கருதுகிறது. 'என்ஆர்ஃபார்மட்ஸ்' என்ற அமைப்பிலிருந்து 'ஆக்டல்' என்பதை நீக்கினால் 008, 009 என்று ஒழுங்காக வரும். எண்ணுக்கு முன்னால் ஒட்டி ஒரு சிறுகோடு இருந்தால், உதாரணமாக "பக்கம்-7", அது கழித்தல் குறியாகக் கொள்ளப்பட்டு எண் கூடுவதற்குப் பதில் "பக்கம்-6" என்று குறையும். அதே அமைப்பில் 'அன்சைன்டு' என்பதைச் சேர்த்தால் சரியாகும்.

ஈமேக்ஸில் பதிவின் நடுவே எஃப்3 அழுத்தினால் சுற்றுகளை எண்ணும் ஓர் எண் அங்கே இடப்படும். அது பூஜ்யத்தில் தொடங்கும். ஓட்டத்தை மீண்டும் தொடங்கும் முன் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-சி வழியாகத் தொடக்க எண்ணைக் கொடுங்கள். இல்லாவிட்டால் சோதனைக்கு ஓட்டிய சுற்றுகளையும் சேர்த்தே எண்ணும்.

அறிகுறி: நேற்றுப் பதிந்த மேக்ரோ இன்று இல்லை

விம்மில் மேக்ரோவும் நகலெடுத்த உரையும் ஒரே ரிஜிஸ்டர்களில்தான் வாழ்கின்றன. ஏ ரிஜிஸ்டரில் மேக்ரோ இருக்கும்போது அதே ரிஜிஸ்டரில் ஒரு வரியை நகலெடுத்தால் மேக்ரோ போய்விடும். ஓட்டுவதற்கு @ அழுத்த வேண்டிய இடத்தில் கைதவறி கியூவை அழுத்தினாலும், புதிய பதிவு தொடங்கி, பதிவை முடித்ததும் பழையது அழியும். விம்இன்ஃபோ கோப்பு ரிஜிஸ்டர்களை அடுத்த முறைக்குக் காத்துவைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதை நிரந்தரச் சேமிப்பாகக் கருத வேண்டாம்; மீண்டும் தேவைப்படும் மேக்ரோவை அமைப்புக் கோப்பிலேயே ஒரு வரியாக எழுதிவைத்து, அது என்ன செய்கிறது, கர்சர் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் சேருங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பு இல்லாமல் உங்களாலேயே அதைப் படிக்க முடியாது.

ஈமேக்ஸ் முந்தைய மேக்ரோக்களை ஒரு வளையமாக வைத்திருக்கும். கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-பி வழியாகப் பின்னோக்கிச் செல்லலாம். எடிட்டரை மூடினால் வளையமும் போகும் என்பதால், பெயரிட்டு அமைப்புக் கோப்பில் இட்டுவைக்க வேண்டும். நோட்பேட்++ இல் சேமிக்காத பதிவு அடுத்த பதிவோடு அழியும். அதன் 'ஷார்ட்கட்ஸ்' கோப்பைக் கையால் திருத்துவதாக இருந்தால், நோட்பேட்++ஐ மூடிவிட்டு வேறோர் எடிட்டரில் திருத்துங்கள். திறந்திருக்கும்போது திருத்தியது, மூடும் நேரத்தில் மேலெழுதப்பட்டுக் காணாமல் போகக்கூடும்.

பதிவைத் தொடங்கவே மறந்துவிட்டு ஒரு வரியை முழுதாகத் திருத்தி முடித்திருந்தால், ஈமேக்ஸ் மட்டும் கைகொடுக்கும்: கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-கே, எல் என்று அழுத்தினால் கடைசி 300 தட்டல்களைத் திருத்தக்கூடிய மேக்ரோவாகக் காட்டும். வேண்டாதவற்றை நீக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் பதிவுக் கட்டளையைத் தேடிச் சலித்தவர்களுக்கு: அதில் உள்ளமைந்த மேக்ரோப் பதிவி இல்லை. நீட்சி நிறுவ வேண்டும்; அல்லது பல கர்சர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்துகொள்ள வேண்டும்.

ஓட்டும் முன்னும் ஓட்டிய பின்னும்

கோப்பின் நகல் ஒன்று இல்லாமல் எந்த மேக்ரோவையும் நான் முழுக் கோப்பில் ஓட்டுவதில்லை. முதலில் ஒரே ஒரு முறை, பிறகு ஐந்து முறை, அந்த ஐந்திலும் கண் வைத்துப் பார்த்த பிறகே மீதி. சோதனைக்கு எடுக்கும் வரிகளில் கோப்பின் மிக ஒழுங்கான வரிகள் மட்டும் இருந்துவிடக் கூடாது; இடைவெளி இல்லாத "புரவி=குதிரை"யும், இரு சொல் கொண்ட "கார் காலம்" என்பதும், ஒரு வெற்று வரியும் அவற்றில் இருக்க வேண்டும்.

ஓட்டி முடித்ததும் முதலில் வரிகளின் எண்ணிக்கை முன்பிருந்ததே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எதிர்பார்க்கும் வடிவத்தில் இல்லாத வரிகளை மட்டும் தேடச் சொல்லுங்கள். நம் பட்டியலில் மேற்கோளில் தொடங்கி, மேற்கோளும் காற்புள்ளியுமாக முடியாத வரிகள் எவை என்பதே கேள்வி. விம்மில் 'குளோபல்' கட்டளையின் எதிர்மறை வடிவம் அவற்றை மட்டும் வரிசையாகக் காட்டும். தொடக்கத்திலேயே இரண்டு மேற்கோள் அடுத்தடுத்து வந்த வரிகளையும் தனியே ஒருமுறை தேடுங்கள். அவை மேக்ரோ இருமுறை ஓடிய வரிகள். இரண்டு தேடல்களும் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகே நகலை நீக்குங்கள்.